பேரைக் கேட்டு வை, பேராண்டி

வாடா பேராண்டி. காலைத் துடைச்சுட்டு உள்ள வா, இது உன் கொண்டோ இல்ல. என்னமோ, 'வின்டர் வந்தா குடும்பத்தை எப்படிப் பாத்துக்கணும்'னு ஃபோன்ல படிச்சியாமே? கொடிமலை உச்சிக்குப் போனாலே சுவெட்டர் தேடுற ஆளு நீ. நம்ம பினாங்குக்கு மூணே காலந்தான்: வெயில், துரியான், மழை. தீபாவளி முறுக்கு டின்னு காலியாகிற சமயத்துல கொட்டுது பாரு, அதான் நம்ம வின்டரு.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை ராத்திரி வந்த வெள்ளத்தைக் கேளு. அப்ப நானும் உன் பாட்டியும் பி. ரம்லி சாலைப் பக்கம் குடியிருந்தோம். பேருதான் பாட்டுக்காரர் பேரு, மழை பேஞ்சா அங்க தவளைக் கச்சேரி. மலைத் தண்ணியெல்லாம் சுங்கை பினாங்குல இறங்குது. கடலு ஏத்தமா இருந்தா அதை வாங்கிக்க மாட்டேங்குது. நடுவுல மாட்டிக்கிறது நம்ம கட்டிலு. அன்னிக்குக் காத்தும் சேர்ந்து அடிச்சுது. விடியக்காலை 3 மணிக்கு முதலமைச்சர் லிம் குவான் எங் ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. 7 பேரு செத்துப்போனாங்க. அதுல விளையாட்டு இல்ல.

உன் பாட்டி என்ன பண்ணினா தெரியுமா? அரிசி வாளியை அலமாரி மேல ஏத்தினா. அதுக்கு மேல முருகன் படம். என்னை மட்டும் தண்ணியிலேயே நிக்க வெச்சா. 'நீங்க நனைஞ்சா காஞ்சுக்குவீங்க, அரிசி காயுமா?'ன்னு கேட்டா. நியாயந்தானே?

அப்பத்தான் பக்கத்து வீட்டுச் சீன ஆப்பேக் வந்தாரு. பதினோரு வருஷ அக்கம்பக்கம். அவரு ஊதுபத்திப் புகை இங்க வருதுன்னு நான் முறைப்பேன். என் கருவாட்டு வாசனை அங்க வருதுன்னு அவரு முறைப்பாரு. அந்த மனுசன் இடுப்பளவுத் தண்ணியில பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒண்ணை இழுத்துக்கிட்டு வந்து, 'முட்டி வலிக்கிற அம்மா எங்க?'ன்னு மலாய்ல கேக்குறாரு. உன் பாட்டி முட்டி வலி அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அவரு பேரு கூடத் தெரியல.

தொட்டியில உக்காந்து உன் பாட்டி போன ஊர்வலம் இருக்கே! தைப்பூசத்து வெள்ளி ரதம் கூட அவ்வளவு மெதுவாப் போகாது.

அந்த வெள்ளத்துலதான் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் சுங்கை ரம்பாய் பள்ளிவாசல் கதவைத் திறந்துவிட்டாங்க. உள்ள போய்ப் படுத்தவங்கள்ல பெரும்பாலும் சீனப் பெரியவங்க. யாரு எந்தச் சாமியக் கும்பிடுறாங்கன்னு அன்னிக்கு யாரும் கேக்கல. காஞ்ச தரை இருக்கான்னுதான் கேட்டாங்க.

இப்ப உன் ஏற்பாட்டைப் பாப்போம். வாட்சாப்புல குடும்பக் குழு. காலையில ஒரு ரோஜாப்பூ, ராத்திரி ஒரு ரோஜாப்பூ. தண்ணி வந்தா அந்த ரோஜாப்பூ வந்து உன்னைத் தூக்குமா? லிஃப்ட்டுல எதிர் வீட்டுக்காரரைப் பாத்தா ஃபோனைப் பாக்குற. ஒரு நாள் சார்ஜ் செத்த ஃபோனையும் அப்படியேதான் பாத்துக்கிட்டிருந்த, நான் கவனிச்சேன். எல்லாரும் சேர்ந்து சுத்தம் பண்ணலாம், கோத்தோங் ரோயோங்னு கூப்பிட்டா, லொங்காங் ஓரமா நின்னு ஒரு செல்ஃபி. குப்பை எடுக்கிறது யாரு, எண்பது வயசு நானா?

சரி, யோசனைதானே கேட்ட? தீபாவளிக்கு ஒரு டின்னு முறுக்கை எதிர் வீட்டுல குடு. டின்னு வெறுமனே திரும்பாது. சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு வரும், நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங் வரும். தின்னுக்கிட்டே கேளு: உங்க வீட்டுல மாடி ஏற முடியாதவங்க யாரு, மருந்து சாப்பிடுறவங்க யாரு, ராத்திரி கூப்பிட்டா எந்திரிக்கிறவங்க யாரு? உன் வீட்டு விவரத்தையும் சொல்லிட்டு வா. மழைக்கு முன்னாடி கேட்டா அது விசாரிப்பு. தண்ணி வந்தப்புறம் கேட்டா அது அலறல்.

அந்த ஆப்பேக் பேரு என்னன்னா கேக்குற? இப்ப எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன். முதல்ல நீ போய் உன் எதிர் வீட்டுக்காரர் பேரைக் கேட்டுக்கிட்டு வா. குடையை எடுத்துக்கிட்டுப் போ, தூற ஆரம்பிச்சிருச்சு.