கடைசிக் கடையையும் மூட ஒரு யோசனை

மருமவனே, ஒன் ஸ்டேட்டசை ஒந்தம்பி காட்டினான். கண்ணாடி பாட்டில்ல தேன்மிட்டாய், கல்லாப்பெட்டி, மேல தொங்குத சணல் உருண்டை எல்லாத்தையும் படம் புடிச்சிப் போட்டு, 'அழிந்து வரும் எங்கள் அண்ணாச்சி கடைகள்'னு எழுதி, பக்கத்துல ரெண்டு அழுமூஞ்சி பொம்மை வேற வச்சிருந்த. எனக்கே தொண்டை அடைச்சிட்டு. சாயங்காலம் பாத்தா, டவுன்ல இருந்து பெரிய கடைப் பையை ரெண்டு கையிலயும் தூக்கிட்டு அதே அண்ணாச்சி கடை வாசல் வழியாத்தான் வாரே. அவரு ஒன்னையப் பாத்துச் சிரிச்சாரு. நீ போனைப் பாத்த.

வருத்தப்படாதல. பஸ்ஸ்டாண்டுக் கடை போச்சு, கோயில் முக்குக் கடை போச்சு. இந்த ஒண்ணுதான் பாக்கி. இதையும் மூடிட்டா நீ அழுவ வேண்டிய சோலியே இல்ல. மூடுத வழியை மாமன் சொல்லித் தாரேன், கேட்டுக்க.

துட்டு கையில இருக்க ஒண்ணாந்தேதி டவுனுக்குப் போ. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்புன்னு லாபம் நிக்குத சாமானை எல்லாம் அங்கன ரொக்கத்துக்கு வாங்கு. அண்ணாச்சிகிட்ட கறிவேப்பிலை, தீப்பெட்டி, அரைமுறித் தேங்கா, ராத்திரி ஒம்போது மணிக்குத் தலைவலி மாத்திரை மட்டும் வாங்கு. அதையும் கடன்ல வாங்கு. 'கடன் அன்பை முறிக்கும்'னு போர்டு தொங்கத்தான் செய்யும். அது போன தலைமுறையில இருந்து தொங்குது, கடனும் அதுக்குக் கீழதான் எழுதுதாவ.

அந்தக் கடன் நோட்டை நீ பாத்துருக்கியா? நீள நோட்டு, அட்டை கிழிஞ்சி நூல் கோத்துருக்கும். அதுல ஒருத்தனுக்கும் சொந்தப் பேரு கெடையாது. 'கிணத்தடி வீடு', 'வாத்தியார் மருமவ', 'வடக்குத் தெரு கொத்தனார்', இப்படித்தான் இருக்கும். கொத்தனாருக்கு மழைக்காலத்துல வேலை இருக்காது, ரெண்டு மாசம் எழுதிக்கிட்டே போவாரு, வேலை வந்ததும் ஒவ்வொரு சனிக்கிழமையா கழிப்பாரு. ஆதார் கேக்கதில்ல, சிபில் ஸ்கோர் கேக்கதில்ல. வட்டியும் இல்ல. பெரிய கடைக்காரன் தருவானா? அவன் பைக்கே காசு கேக்கான்.

பேரமும் இங்கனதான் பேசணும். அங்கன 99 ரூவான்னு ஒட்டியிருந்தா நீ வாயைத் தொறக்க மாட்ட. ஒத்த ரூவா மிச்சத்துல ராஜா மாதிரி வெளிய வருவ. இங்கன எலுமிச்சம்பழத்துக்கு ஒரு ரூவா கொறைக்கச் சொல்லி, கொசுறா ஒரு பொட்டுக்கடலை உருண்டையும் கேளு. ஒடைச்ச தேங்கா அழுகியிருந்தா கொண்டாந்து நீட்டு. மறுபேச்சு இல்லாம வேற எடுத்துத் தருவாரு. போன்ல வாங்கினா அழுகுன தேங்காயைப் படம் புடிச்சி மேல ஏத்திட்டு, மெஷினு பதில் சொல்லுத வரைக்கும் சட்னிக்குக் காத்துக் கெடக்கணும்.

கம்பெனிக்காரனும் ஒனக்குத் தோள் குடுப்பான், கவலைப்படாத. சாமானைச் சின்னப் பாக்கெட்டுல அடைச்சி விக்க வழி காட்டுனவரு கடலூர் சின்னிகிருஷ்ணன். அவரு மவன் 1983ல 'சிக்' ஷாம்பூவோட அதே வழியில வந்தாரு. அந்தச் சரத்தைக் கடை முன்னால தொங்கப் போட்டு, ரோடு போவாத ஊருக்குள்ளயும் வித்துக் குடுத்தது யாரு? பொட்டிக்கடைக்காரன். அவன் தோள்ல ஏறி ஊருக்குள்ள வந்த கம்பெனிமார் இன்னைக்கிப் பெரிய கடைக்கு ஒரு விலை, இவனுக்கு ஒரு விலை. 2021 டிசம்பர்ல விநியோகஸ்தர்மாரே இதை எதுத்துக் கொடி புடிச்சாவ. அண்ணாச்சி கொள்முதல் பண்ணுத விலைக்கே பெரிய கடைல சில்லறையில கெடைக்கிற சாமானும் உண்டு. அவரே சில நேரம் தள்ளுபடியில அங்கன வாங்கி இங்கன விக்காருன்னா பாத்துக்கயேன்.

சட்டம் காப்பாத்தும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. பலசரக்கு விக்க வெளிநாட்டுக்காரன் 51 சதவீதம் முதல் போடலாம்னு 2012ல டெல்லியில சொன்னாவ. தமிழ்நாட்டுக்குள்ள விட மாட்டோம்னு ஜெயலலிதா அம்மா சொல்லிட்டாவ. வாசலை அடைச்சாச்சுன்னு நாங்க திண்ணையில நிம்மதியா உக்காந்திருந்தோம். அவன் வாசல் வழியா வரவே இல்ல. ஒன் சட்டைப் பையில இருந்த போன் வழியா வந்துட்டான்.

சங்கத்துக்காரங்களும் சும்மா இல்ல. 2017 மார்ச் 1ல இருந்து வெளிநாட்டுக் குளிர்பானம் விக்க மாட்டோம்னாவ. கொஞ்ச நாளு பன்னீர் சோடாவும் கலரும் தலை நிமுந்து நின்னுச்சு. பெறவு பழைய பாட்டிலைக் கேட்டு வந்து நின்னது யாரு? மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைப்பாவ. அன்னைக்கி சீனி தீந்துட்டுன்னு போன்ல தட்டுனது யாரு? சும்மா கேக்கேன், ஒன்னையச் சொல்லலை.

ஆனா அண்ணாச்சிமாரை எல்லாம் சாமியாக்க நான் வரலை. பிஸ்கோத்துல தேதி போயிருந்தா தூசியைத் தட்டிக் குடுக்கிற ஆளும் அதுல உண்டு. ஒன் அத்தையைக் கேட்டுப் பாரு. கடைக்கு முன்னால நாலு ஆம்பளைய நிக்க, நாப்கின் வேணும்னு கேக்க முடியாம எத்தனை தடவை சும்மா சீரகம் வாங்கிட்டுத் திரும்பியிருக்கான்னு சொல்லுவா. கேட்டா, அவரு அதைப் பேப்பர்ல சுத்தித் திருட்டுச் சாமான் மாதிரி நீட்டுவாரு. பெரிய கடையில பொம்பளைப் புள்ளைய தட்டுத் தட்டாப் பாத்து, தொட்டு, வேண்டியதை எடுத்துக் கூடையில போடுதுவ. யாரும் என்னான்னு கேக்கதில்ல. கீழத் தெரு ஆளு வந்தா கையில வாங்காம, சில்லறையைப் பலகையில வைன்னு சொன்ன கடையையும் இந்தக் கண்ணு பாத்துருக்கு. அந்தக் கடை மூடுனப்ப எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரலை. ஒன் ஸ்டேட்டஸ்ல இதெல்லாம் வராது, படத்துல தேன்மிட்டாய்தான் நல்லா விழும்.

இன்னொரு ரகசியம். கடையை மூடுததுல பாதி வேலையை அண்ணாச்சியே பாத்துட்டாரு. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துப் பயலுவ அந்தக் காலத்துல மெட்ராசுக்கு ரயிலேறி, கடைப்பையனாச் சேந்து, அரிசி மூட்டை மேல படுத்து, பொட்டலம் மடிக்கப் படிச்சி, பத்து வருசம் போனா முதலாளியே முன்ன நின்னு தனிக் கடை வச்சிக் குடுப்பாரு. வார சரக்குக்கு இம்புட்டுன்னு மகமை எடுத்து வச்சிப் பள்ளிக்கூடம் கட்டுன கூட்டம். விருதுநகர்ல 1889லயே கட்டிட்டாவ. தூத்துக்குடியில 1921ல சொந்தமா நாடார் பேங்கே ஆரம்பிச்சாவ, இன்னைக்கி அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்கு. அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளைய கல்லாவுல வந்து உக்காருமா? நம்ம அண்ணாச்சி மவன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. காலையில அஞ்சரைக்குத் தொறந்து ராத்திரி பத்துக்கு அடைக்கிற பொழைப்பு எம் மவனுக்கு வேண்டாம்னு அவரே சொல்லுதாரு. மத்தியானம் அவரு கண்ணசரும்போது அவரு வீட்டு அக்கா கடையில நிக்கும். அதுக்கு என்னைக்காவது சம்பளம்னு ஒண்ணு உண்டா? வீட்டு ஆளு சம்பளமில்லாம உழைச்ச வரைக்கும்தான் அந்தக் கணக்கு கட்டுபடியாச்சு. புள்ளையளும் வெளிய போயிட்டா, கூலிக்கு ஆள் வச்சிக் கறிவேப்பிலை விக்க முடியுமால?

அதனால ஒன்னைய மட்டும் குத்தம் சொல்லலை. ஒன் பங்கு பாதிதான். அதைச் சுத்தமாச் செஞ்சி முடி. ஒரே ஒரு எடைஞ்சல் உண்டு. 2020 ஊரடங்குல ஒன் போனு 'இப்போது டெலிவரி இல்லை'ன்னு கையை விரிச்சப்போ, இவரு ஷட்டரைப் பாதி தூக்கி, குனிஞ்சி உட்காந்து, தெருவுல அத்தனை பேருக்கும் பருப்பு அளந்தாரு. ஒன் வீட்டுக்கும்தான். அப்படி ஒண்ணு இனிமே வராதுன்னு நீ தைரியமா இருந்தா, தாராளமா மூடலாம்.

இல்ல, மனசு கேக்கலைன்னா, பெருசா ஒண்ணும் வேண்டாம். மாசச் சாமான்ல பாதிச் சீட்டை அவருகிட்ட குடு. ஒன் புள்ளையக் கடைக்கு அனுப்பு, பேரம் பேசாம வரச் சொல்லு. நேத்து நான் பொயிலை வாங்கப் போயிருந்தப்போ நோட்டைப் புரட்டிட்டு இருந்தாரு. 'வாத்தியார் வீடு'ன்னு ஒன் பக்கத்துல 1,640 ரூவா நிக்கி. ஸ்டேட்டஸ் போட்ட கையோட ஜி-பே பண்ணிரு. அவரும் அட்டை ஒட்டியிருக்காரு.