துணி பார்க்கும் பிள்ளை

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, திண்ணையில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேலுக்கு ஒரு கைவைத்த பனியனும் இடுப்பில் நாலுமுழ வேட்டியுமாக, உலக விவகாரங்களைப் பத்திரிகையின் வாயிலாக விசாரித்துக்கொண்டிருந்த என் பிடரியில் திடீரென்று இரண்டு குளிர்ந்த விரல்கள் ஊர்ந்தன. பல்லியோ என்று பதறி எழுந்தேன். பல்லியன்று, என் தங்கை மகன். பனியனின் கழுத்துப்பட்டியைப் புரட்டி, அங்கே தைத்திருந்த சிறு துணுக்கைப் படித்துவிட்டு, பிறகு அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, மூக்குப்பொடி பதம் பார்ப்பவன்போல் இரண்டு தரம் உரசி, கண்ணை மூடித் திறந்து, "சிங்கிள் ஜெர்சிங்க மாமா. 160 ஜிஎஸ்எம் இருக்கும். சைடு சீம் முறுக்கியிருக்குது பாருங்க, இதுக்குப் பேரு ஸ்பைராலிட்டி" என்று தீர்ப்புக் கூறினான். நாலு வருஷமாக அந்தப் பனியனுக்குள் வாசம் செய்துவரும் எனக்கு, விலாவில் இருக்கவேண்டிய தையல் துவைக்கத் துவைக்க நகர்ந்து தொப்புளை நோக்கி யாத்திரை புறப்பட்டுவிட்ட சங்கதி தெரியும். அந்த யாத்திரைக்கு ஒரு நாமகரணம் நடந்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, திருப்பூரில் ஒரு கலாசாலையில் ஃபேஷன் மெர்ச்சண்டைசிங் படிப்பதற்காக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் அவன். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்கும் பந்துக்களுக்கு என் தாயார் "தையல் படிக்கிறான்" என்றும், அவனுடைய தகப்பனார் "எக்ஸ்போர்ட் படிக்கிறான்" என்றும், என் தங்கை, இவ்விரண்டும் கௌரவக் குறைவென்று எண்ணியவளாய், "ஃபேஷன்" என்று மட்டும் சொல்லி மிச்சத்தைப் புன்னகையால் பூர்த்தி செய்தும் வந்தார்கள். இவர்கள் மூவரையும் அவன் மன்னித்துவிடுவான். டிசைனரா என்று கேட்பவர்களைத்தான் அவனால் மன்னிக்க முடியாது. "டிசைனர் படம் வரைவாருங்க மாமா. அதைத் துணியாக்கி, சொன்ன விலைக்கு, சொன்ன தேதிக்குக் கப்பல் ஏத்தறது நாங்கதானுங்க" என்பான். பையர், பையர் என்று அவன் ஓயாமல் உச்சரிப்பதைக் கேட்டு, யாரோ பெரிய இடத்துச் சிறுவன் போலும் என்று நினைத்த என் தாயார், "அந்தப் பையருக்கு என்ன வயசுடா ஆச்சு?" என்று ஒருநாள் பரிவோடு விசாரித்தாள். பையர் என்றால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி என்பதையும், அந்தக் கம்பெனிக்கும் இங்கே நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங் என்று சிதறிக் கிடக்கும் பட்டறைகளுக்கும் நடுவில் நின்று, இருபுறத்தாரின் ஏச்சையும் மத்தளம்போல் வாங்கிக்கொண்டு காரியத்தை முடிக்கிறவனே மெர்ச்சண்டைசர் என்பதையும் அவன் அரைமணி நேரம் விளக்கினான். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட அம்மா, "கல்யாணத் தரகருன்னு சொல்லு" என்று இரண்டே வார்த்தையில் அந்தச் சாஸ்திரத்தை அடக்கிவிட்டாள்.

சாஸ்திரம் என்று நான் பரிகாசமாகச் சொல்லவில்லை. எழுபதுகளின் இறுதியில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வர்த்தகர் வெள்ளை டீ-சர்ட் கேட்ட காலந்தொட்டுக் கடல் கடந்து ஆடை அனுப்பிவரும் இந்த ஊரில், இதே உத்தியோகத்தைக் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பட்டமேதும் பெறாமல் பார்த்து ஓய்ந்த மனிதர்களை நான் அறிவேன். 1986-இல் டில்லியில் நிஃப்ட் என்னும் ஃபேஷன் கலாசாலை தோன்றி, 1995-இல் சென்னைக்கும் வந்து, பிறகு மற்றக் கலாசாலைகளும் இதனைப் பாடத்திட்டத்தில் ஏற்றிக்கொண்டபோதுதான் காதுப் பென்சிலுக்குப் பரீக்ஷையும் மதிப்பெண்ணும் உண்டாயின. அதில் எனக்கு ஆக்ஷேபம் கிடையாது. பாடம் வகுப்பறையோடு நிற்காமல் வீட்டுக்குள் புகுந்ததில்தான் ஆக்ஷேபம்.

முதலில் பலியானது சென்னிமலையில் வாங்கிய என் போர்வை. துணியின் கனத்தை அறிவதற்கு ஜிஎஸ்எம் கட்டர் என்று ஓர் உபகரணம் உண்டு. துணியின்மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு வட்டம் அறுந்து வரும். அதைத் தராசிலிட்டு, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைத்துவிடும். கலாசாலையிலிருந்து இரவலாகக் கொண்டுவந்த அந்த யந்திரத்தை, நான் குளிக்கப் போயிருந்த பத்து நிமிஷத்தில் அவன் பிரயோகித்துப் பார்த்துவிட்டான். திரும்பி வந்தபோது போர்வையின் மத்தியில் பூர்ணசந்திரன் உதயமாகியிருந்தது. "310 வருதுங்க மாமா! நல்ல சரக்குங்க" என்று அவன் காட்டிய ஆனந்தத்தின் முன்னே, கோபித்துக்கொள்ளவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த மார்கழி முழுவதும் குளிர் என்மேல் வட்டமாகவே விழுந்தது.

நிறங்களின் சங்கதி வேறு. சிவப்பு, பச்சை என்ற பெயர்கள் அவன் அகராதியிலிருந்து மறைந்துபோய், அவற்றின் ஸ்தானத்தில் பேன்டோன் எண்கள் குடியேறின. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம், ஒரே நீலத்தில் ஏ, பி, சி என்று மூன்று மாதிரிகளைச் சுவரில் பூசச் சொல்லி, இதற்கு லேப் டிப் என்று பெயரென விளக்கி, பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும் டியூப்லைட்டில் ஒரு முறையும் பார்த்த பிறகே அங்கீகாரம் தர இயலும் என்று அவன் அறிவித்தபோது, அந்த ஆள் மட்டையை வாளியிலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர், போனவர்தான். மூன்று நீலங்களும் இன்றும் சுவரில் இருக்கின்றன. ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் வேறொரு விளக்கில் பிரிந்துபோவதற்கு மெட்டமெரிசம் என்று பெயராம். அதனைக் கண்டுபிடிக்கக் கலாசாலையில் வெளிச்சப் பெட்டி ஒன்று உண்டாம். அதற்குள்ளே பகல் வெளிச்சமும் கடை வெளிச்சமும் தனித்தனி விளக்குகளாக எரியுமாம். இதை அவன் மெய்சிலிர்த்து வர்ணித்துக்கொண்டிருக்கையில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "அதுக்குத்தான்டா சேலையைக் கடை வாசல்படிக்குக் கொண்டாந்து வெயில்ல பாக்கறது" என்றாள். அதற்கடுத்த வாரம் மார்க்டவுன் என்று அவன் ஆரம்பித்தபோது, ஆடித் தள்ளுபடி என்று அவள் முடித்தாள். அம்மாவிடம் பாடத்தை ஒப்பிப்பதை அத்துடன் விட்டுவிட்டான்.

ஆனால் என் மகளின் கல்யாணம் வந்தது. முகூர்த்த நாளைக் கப்பல் ஏறும் தேதியாகக் கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, தொண்ணூறு நாட்களுக்கு அவன் ஓர் அட்டவணை போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினான்; அதில் மாப்பிள்ளை வீட்டாரின் பெயருக்கு எதிரே அப்ரூவல் பெண்டிங் என்று கண்டிருந்ததைச் சம்பந்தியம்மாள் பார்க்க நேர்ந்தது ஒரு தனிக் கதை. சீருக்கு 2000 முறுக்கு சுட்டு அடுக்கியாயிற்று. ஏ.க்யூ.எல். 2.5 என்னும் விதிப்படி, 1201 முதல் 3200 வரையுள்ள சரக்கில் 125-ஐ உருவிச் சோதிக்க வேண்டுமென்றும், பழுது 7 வரை இருந்தால் முழுச் சரக்கும் தேறுமென்றும், 8 ஆனால் முழுச் சரக்கும் தள்ளுபடியென்றும் சொல்லிக்கொண்டு, அண்டாவண்டாவாக இறங்கி அவன் முறுக்குகளைப் பொறுக்கலானான். விண்டது, கருகியது, சுற்று குறைந்தது என்று ஏழு வந்தன. எட்டாவதாக ஒன்றைத் தூக்கிப் பிடித்து, வால் உடைந்திருப்பது பெரிய பழுதா சிறிய பழுதா என்று அவன் யோசனையில் ஆழ்ந்தபோது, தவசிப்பிள்ளை கரண்டியை ஊன்றிக்கொண்டு, "தம்பி, உங்க கலாசாலையில முறுக்கைத் தின்னு பாக்கறதுக்குப் பாடம் கிடையாதுங்களா?" என்றார். அவன் பதில் தேடுமுன் அம்மா வந்து, அந்த எட்டாவது முறுக்கைப் பிடுங்கி அவன் வாயிலேயே திணித்தாள். தடயம் ஜீரணமாயிற்று, சரக்குத் தேறிற்று.

பிறகு கலாசாலையில் அவனை ஆறு வாரம் ஒரு கம்பெனியில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு போனவன், மறுவாரம் முதல் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு திரும்பினான். ஜெர்மனியில் மாலை ஐந்து மணியாகும்போது நமக்கு, அவர்களுடைய கோடைகாலத்தில், இரவு எட்டரை; அந்த வேளையில் பையரின் கேள்விகள் வந்து குவியும். அவர்கள் ஒப்புக்கொண்ட நிறம் ஒன்று, டையிங்கிலிருந்து வந்திறங்கிய நிறம் ஒன்று என்றால், இரண்டுக்கும் நடுவே கைப்பேசியோடு ஓடுவது இவன். அங்கே கட்டிங் மாஸ்டர் ஒருவர், எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், துணியை விரலால் ஒரு தரம் தொட்டு எண்ணைச் சொல்ல, இவன் வட்டம் அறுத்து நிறுத்துப் பார்த்ததில் இரண்டே இரண்டு வித்தியாசப்பட்டதாம். அவருக்குக் கைமடியாக நிற்கும் பெண்ணோ அந்த இரண்டையும் கூட்டிச் சொன்னாளாம். இதைச் சொன்ன இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு காதர்பேட்டையில் நான் ஒரு புதுப் பனியன் வாங்கி வந்து, உடுத்தி, அவன் முன்னே இரண்டு தரம் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, போதாததற்குப் பிடரியையும் குனிந்து காட்டினேன். "நல்லா இருக்குதுங்க மாமா" என்றான், விரலை நீட்டவில்லை. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

மறுநாள் அவிநாசிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். அவர் டீ-சர்ட்டின் கழுத்துப்பட்டி புரண்டு, லேபிள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் செய்தேன் என்று சொல்வதைவிட, என் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் செய்துவிட்டன என்று சொல்வதே பொருந்தும். அவர் வெடுக்கென்று திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க, சிங்கிள் ஜெர்சிதானுங்களே?" என்று குழறினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பனியனின் கை ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரசிக்கொண்டே, "உங்களுது சிங்கிள் ஜெர்சிங்க, இது இன்டர்லாக்" என்றார்.