அங்கிள் முகத்தில் என் கைவரிசை

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இருபத்துச் சொச்சம் வயதில், 1630 வாக்கில், லெய்டன் நகரில் உட்கார்ந்து தாடிக் கிழவர்களாகச் செப்புத் தகட்டில் கீறித் தள்ளினார். பல படங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இத்தனூண்டு படம் நமக்கு வராதா என்று தோன்றியது. சின்னதாக எதைப் பார்த்தாலும் எனக்கு வீரம் வந்துவிடும்.

முறைப்படி செய்வதென்றால் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்க வேண்டும். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும், அந்தப் பள்ளத்தில் மை நிற்கும். “அமிலமா? நம்ம கிச்சன்லயா?” என்றாள் மனைவி. அந்த நிமிடமே நான் பிளாஸ்டிக் தகட்டுக்கு மாறிவிட்டேன். அதில் வெறும் ஊசியே போதும்.

மாடல் கிடைப்பது பெரிய விஷயமில்லை. பூன் லே சந்தைக் காப்பிக்கடையில் தினமும் உட்காரும் அங்கிளிடம் கேட்டேன். “வரைங்க தம்பி, காசு ஏதும் கட்டணுமா?” என்றார். கோப்பி ஓ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

ரெம்பிராண்டின் கிழவர்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் விழும் நெற்றியில் ஏறக்குறைய கோடே இருக்காது, வெறும் தாள். தாடி ஓரம் நாலைந்து கீறலோடு நின்றுவிடும், மிச்சத்தை நம் கண்ணே வரைந்துகொள்ளும். நான் யார் கண்ணையும் நம்பவில்லை. ஒரு சுருக்கம் விடாமல், எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் கீறினேன். அங்கிள் முகம் எம்ஆர்டி வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. மூக்குதான் இன்டர்சேஞ்ச்.

தாளை நனைத்துவிட்டுத்தான் அச்சு எடுக்கணுமாம். நான் காய்ந்த தாளை வைத்து, கரண்டி முதுகால் தேய்த்தேன். அச்சில் இடம் வலமாகும் என்று படித்திருந்தேன், படித்ததோடு சரி. அங்கிளின் இடது கன்னத்து மச்சம் வலப்பக்கம் குடிபோயிற்று.

1655 வாக்கில் ரெம்பிராண்ட், ஹாரிங் என்ற முதியவரைச் செப்பில் கீறினார். ஆம்ஸ்டர்டாமில் திவாலானவர்களின் சொத்தைக் கவனிக்கும் அலுவலகத்துக்காரர். 1656இல் ரெம்பிராண்டே திவாலானார், அந்த அலுவலகம்தான் அவர் வீட்டுச் சாமானை ஏலம் விட்டது. படத்தில் ஹாரிங் ஜன்னல் வெளிச்சத்தில் அவ்வளவு சாந்தமாக உட்கார்ந்திருக்கிறார். ஏலம் போடும் ஆளுக்கே அந்த மரியாதை! எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத அங்கிளுக்கு இந்தக் கதி.

படத்தைக் கொடுத்தேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

“சீனியர் கார்டுல இருக்கிற போட்டோதான் மோசம்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன் தம்பி.”

அன்றைக்குக் கோப்பிக் காசை அவரே கொடுத்துவிட்டார்.