வால்வைக் கேட்காத விளக்கு

1979 மார்ச் 28, விடியற்காலை நான்கு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆற்றுத் தீவு ஒன்றில் இருக்கும் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். இரண்டாம் உலைக்கான பம்புகள் திடீரென்று நின்றன. உள்ளே அழுத்தம் எகிற, ஒரு வால்வு தானாகத் திறந்து ஆவியை வெளியேற்றியது. சமர்த்து. அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டது.

கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டதாக ஊழியர்கள் நிம்மதி அடைந்தார்கள். பாவம், ‘மூடு’ என்ற உத்தரவு போய்விட்டது என்பது மட்டுமே அந்த விளக்குக்குத் தெரியும். வால்வு கீழ்ப்படிந்ததா என்று அது விசாரிப்பதில்லை. சுற்றறிக்கை அனுப்பிவிட்டு, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கோப்பை மூடும் அதிகாரியின் ஜாதகம் அதற்கு.

வால்வு வழியே உலைத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. உலைக்குள் எவ்வளவு மிச்சம் என்று நேரடியாகக் காட்ட மானியே கிடையாது. உலையோடு இணைந்த பக்கத்துத் தொட்டியின் மானியோ ‘நிரம்பி வழியப் போகிறது’ என்றது. அதை நம்பி, உலைக்குள் பாய்ந்த அவசரகாலத் தண்ணீரையும் குறைத்தார்கள்! வெளியேறிய தண்ணீர் சேரும் தொட்டியின் மானி உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைக் கட்டுப்பாட்டுப் பலகையின் முதுகுப் பக்கம் பொருத்தியிருந்தார்கள்.

இதற்கிடையே, முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். எது தலைபோகிற காரியம், எது அற்பம் என்று பாகுபாடு இல்லாத சமத்துவக் கூச்சல். அவற்றை அச்சிட்ட இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி, பழங்கதையை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தது. உலையின் வெப்பம் 700 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய இடங்களுக்குக் கணினி எண்ணையே தரவில்லை. வரிசையாகக் கேள்விக்குறிகளை அச்சிட்டது. பதில் சொல்ல வேண்டியதே கேள்வி கேட்டால் ஊழியர்கள் யாரிடம் போவார்கள்?

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழிந்த பிறகு, புதிதாக வந்த ஒருவருக்குச் சந்தேகம் தட்டி, அதே குழாய்வழியில் இருந்த அடைப்பு வால்வு மூடப்பட்டது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

விசாரிக்க அதிபர் கார்ட்டர் ஒரு குழு அமைத்தார். தலைவர் ஜான் கெமனி, ‘பேசிக்’ கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். கேள்விக்குறி அச்சிட்ட கணினிக்கு ஏற்ற ஆள்தான்! ஊழியர்களின் தவறுகளோடு, அவர்களைக் குழப்பிய அறையின் லட்சணத்தையும் குழு புட்டுப்புட்டு வைத்தது.

பிறகு புது விதிகள் வந்தன: முக்கியமான அளவுகளை ஒரே இடத்தில் காட்ட வேண்டும், வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை நேரடியாகவே அறிய வேண்டும். வால்வின் சங்கதியை வால்விடமே கேட்கலாம் என்ற இந்த மகா ஞானம் உதிக்க, உலையின் மையத்தில் சுமார் பாதி உருக வேண்டியிருந்தது.