குளியல் வரிசை இயல்: ஜப்பானிய வீட்டில் தங்கிப் படிக்கும் பள்ளி மாணவியின் நிலை குறித்த ஓர் ஆராய்ச்சி

பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானுக்குப் போய் ஓராண்டு பள்ளியில் படிக்கும் பிள்ளை அந்த ஊரோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டாள் என்று அளப்பது எப்படி? எத்தனை கான்ஜி எழுத்துகள் தெரியும் என்று எண்ணலாம் என்பர் ஒரு சாரார். நொதித்த சோயா மொச்சையான நட்டோவை முகம் சுளிக்காமல் விழுங்குகிறாளா என்று பார்த்தால் போதும் என்பர் மற்றொரு சாரார். படிவத்தை நீட்டி அவளையே கேட்டுவிடலாம் என்பாரும் உளர். மூன்றும் தேறாது. கான்ஜி மறந்துபோகும், நட்டோவைப் பந்தயத்துக்காகக்கூட விழுங்கலாம், படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிய பதினாறு வயதுப் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. இரவு அந்த வீட்டுக் குளியல் தொட்டியில் அவள் எத்தனையாவது ஆளாக இறங்குகிறாள்? அந்த ஒற்றை எண் போதும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்கு உரியவர் யார் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஏ.எஃப்.எஸ். அமைப்பு 1954 முதல் ஜப்பானோடு பள்ளிப் பிள்ளைகளைப் பரிமாறி வருகிறது. ரோட்டரி சங்கமும் நெடுங்காலமாக இதைச் செய்கிறது. 2018-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் ஆதரவோடு தொடங்கிய ஆசியா ககேஹாஷி திட்டத்தில் இந்தியப் பிள்ளைகளும் போய் வந்தார்கள். போகிறவர்கள் மூன்றாண்டு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து, சீருடை மாட்டி, ஊரார் பிள்ளைகளோடு பிள்ளைகளாக ரயிலிலோ சைக்கிளிலோ போய்வருவார்கள். தங்குவது ஒரு குடும்பத்தோடு. அந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் காசு வாங்காமல், விரும்பி ஏற்றுக்கொண்டவை. இந்தக் கடைசிச் செய்தி கட்டுரையின் முடிவில் தேவைப்படும். வாசகர் நினைவில் வைக்க. 'மாணவி' என்று இங்கே சொல்வது ஆண்பிள்ளைக்கும் பொருந்தும். அவன் குளிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் குறைவு.

வரிசை என்றது என்ன கருதியோ எனின், கூறுதும். ஜப்பானிய வீட்டில் தொட்டியை இரவுக்கு ஒருமுறைதான் நிரப்புவார்கள். ஏறத்தாழ 200 லிட்டர். சூடு 40 முதல் 42 பாகை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் அதே தண்ணீர். உடனே மூக்கைப் பிடிக்க வேண்டாம். அழுக்கெல்லாம் தொட்டிக்கு வெளியே, குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு பொட்டு நுரைகூட இல்லாமல் அலசிவிட்ட பிறகு, கழுத்தளவு அமிழ்ந்து சும்மா கிடப்பதற்குத்தான் தொட்டி. எழுந்ததும் சூடு போகாமல் மூடி போட்டுவிட்டு வர வேண்டும். அடுத்தவர் போவார். தண்ணீர் ஒன்று, ஆள் பல, ஆகவே வரிசை. வரிசை வந்த இடத்தில் மேல் கீழ் வராமல் இருக்குமா?

முன்காலத்தில் இந்த மேல் கீழில் ஐயமே கிடையாது. வீட்டுக்குத் தலைவர் முதலில், பிறகு ஆண்மக்கள், கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தில் கட்டிக்கொண்டு வந்த மருமகள் கடைசி, அடுப்புக்கு விறகு போட்டு எல்லாரையும் குளிப்பாட்டிய பிறகு. இன்று அந்தச் சட்டம் தளர்ந்துவிட்டது. யார் எப்போது வீடு திரும்புகிறார்களோ அதைப் பொறுத்து வரிசை. அசையாமல் நிற்பது ஒரே விதி: விருந்தாளி இருந்தால் விருந்தாளிக்கே முதல் தண்ணீர்.

தொல்காப்பியர் காட்டிய வழியில் இதை ஒரு திணையாகவே வகுத்துவிடலாம். நிலம், குளியலறையும் அதைச் சார்ந்த இடமும். பெரும்பொழுது குளிர்காலம். சிறுபொழுது மாலையும் யாமமும். கருப்பொருள் முக்காலி, மொண்டு ஊற்றும் பிளாஸ்டிக் கிண்ணம், பாயைப்போல் சுருட்டி எடுக்கும் மூடி, மிதக்கும் முடியை அள்ளும் சின்ன வலை. பறை என்று ஒன்று வேண்டுமே என்றால் அதுவும் உண்டு, சமையலறைச் சுவரில். தொட்டி நிரம்பிச் சூடேறியதும் நோரிட்ஸ் நிறுவனத்தின் சுடுநீர்க் கருவி, தியோடர் ஓஸ்டன் என்ற ஜெர்மானியர் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'பொம்மையின் கனவும் விழிப்பும்' என்ற பியானோ இசையில் ஒரு துண்டை வாசித்துவிட்டு, குளியல் தயார் என்று பெண் குரலில் அறிவிக்கும். உரிப்பொருள் இருத்தல். முல்லைக்கும் அதுவே உரிப்பொருள் என்று புலவர்கள் சண்டைக்கு வரலாம். அங்கே தலைவி போருக்குப் போனவனுக்காகக் காத்திருக்கிறாள். இங்கே மாணவி, தொட்டியிலிருந்து எழுந்திராத அந்த வீட்டு அண்ணனுக்காகக் காத்திருக்கிறாள். எது அதிகப் பொறுமை கேட்பது என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

'சார்ந்த இடம்' என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குளியலறைக்கு முன்னால் உடை மாற்றும் சிற்றறை ஒன்று இருக்கும். வாஷ்பேசினும் அங்கேதான், கண்ணாடியும் அங்கேதான், துணி துவைக்கும் இயந்திரமும் அங்கேதான். உள்ளே ஒருவர் குளிக்கப் புகுந்தால் வீட்டில் வேறு யாரும் பல் துலக்க முடியாது, முகம் கழுவ முடியாது, துணி போட முடியாது. மாணவி அந்தச் சிற்றறைக் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் ஊறினால், கதவுக்கு இந்தப் பக்கம் பல்துலக்கியில் பற்பசையைப் பிதுக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் நிற்பார். தட்டமாட்டார். தொண்டையைச் செருமக்கூட மாட்டார். பற்பசை காய்ந்துகொண்டிருக்கும்.

இனி முதல் நாள் இரவு. வந்து இறங்கிய அன்று அவள் விருந்தாளி. எனவே எண் ஒன்று. வீட்டம்மா சுடுநீர்க் கருவியில் எந்தப் பொத்தான் எதற்கு என்று சைகையால் விளக்கி, துண்டைக் கையில் கொடுத்து, "தயவுசெய்து நீங்கள் முதலில்" என்று குனிகிறார். இங்கே மாணவிகள் இரு வகையாகப் பிரிகிறார்கள். வாளியும் குவளையுமாகக் குளித்து வளர்ந்த நம் பிள்ளைகள் முக்காலியில் உட்கார்ந்து மொண்டு மொண்டு ஊற்றிப் பிரமாதமாகக் குளித்து முடித்து, தொட்டியைத் தொடாமலே வெளியே வந்துவிடுவார்கள். குளித்து முடித்தவள் எதற்கு மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும்? தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் வீட்டம்மா மூடியைத் திறந்து பார்த்து, தண்ணீர் சூடு போதவில்லையோ, தொட்டி சுத்தமில்லை என்று நினைத்தாளோ என்று இரவெல்லாம் கவலைப்படுவார்.

தொட்டிக்குள்ளேயே சோப்புப் போட்டு வளர்ந்த அமெரிக்க, ஐரோப்பியப் பிள்ளைகள் நேர்மாறு. வெளியே தரையில் தண்ணீர் ஊற்றவே அவர்களுக்குக் கை வராது. கீழ்வீட்டுக்கு ஒழுகிவிடும் என்ற பயம். அந்தத் தரையே வடிகால் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அந்தத் தரைக்கு ஒரு கதை உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் ஹோட்டல் நியூ ஒட்டானியை அவசரமாகக் கட்டி முடிக்க வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளுக்கு ஒவ்வொன்றாகக் குளியலறை கட்டிக்கொண்டிருந்தால் ஆகாது என்று, ஆலையிலேயே அச்சில் வார்த்த குளியலறைகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். வீடுகளிலும் இன்று பரவியிருப்பது அந்த வகைதான், சொட்டு ஒழுகாது. இது தெரியாத பிள்ளை நேரே தொட்டிக்குள் இறங்கி, குளித்து, தன் வீட்டில் செய்வதுபோலவே பொறுப்பாக அடைப்பானைப் பிடுங்கிவிட்டு வருகிறாள். சுத்தமான பிள்ளை என்று பெயர் வாங்கலாம் என்ற எண்ணம்.

அடைப்பான் பிடுங்கல் இத்துறையில் தலையாய குற்றம். 200 லிட்டர் சூட்டுத் தண்ணீர் களக் களக்கென்று இறங்குகிறது. அதோடு போவது நான்கு பேரின் குளியல் மட்டுமல்ல. மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சித் துணி துவைப்பார்கள் (கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர்), அதுவும் போயிற்று. நிலநடுக்கம் வந்து குழாய் வறண்டால் கழிப்பறைக்கு ஊற்ற இருக்கட்டும் என்று இரவில் தேக்கி வைப்பதும் உண்டு, அதுவும் போயிற்று. வீட்டம்மா என்ன சொல்வார்? "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சிரிப்பார். மறுபடி நிரப்பும் பொத்தானை அழுத்துவார். ஓஸ்டனின் இசை அந்த இரவில் இரண்டாம் முறை கேட்கும். அந்த வீட்டில் அதைக் கேட்டுத் தாத்தா கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பார்.

முதல் இடம் பெருமை அல்ல என்பது சில வாரங்களில் தெரியவரும். ஒருவரும் இறங்காத புதுத் தண்ணீர் தோலைக் கடிக்கும், வயதானவர்களுக்கு ஆகாது என்பது அங்கே பழைய நம்பிக்கை. பாட்டி எப்போதும் இரண்டாவதாகப் போவதன் காரணம் அடக்கமல்ல.

இடம் இறங்கத் தொடங்குவது பள்ளி தொடங்கிய பிறகு. ஏப்ரலில் ஆண்டு தொடங்குகிறது. ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை, பெரும்பாலும் ஐம்பது ஐம்பது நிமிடம். பிறகு துடைப்பமும் துணியும் எடுத்துப் பிள்ளைகளே வகுப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். அதன்பின் புக்கட்சு எனும் மன்ற நேரம்: வில்வித்தை, பேஸ்பால், பித்தளை வாத்தியக் குழு, தேநீர்ச் சடங்கு, ஏதாவது ஒன்று. அது முடிந்து ரயிலேறி வீடு சேரப் பலருக்கு ஏழோ எட்டோ ஆகிவிடும். தேநீர் மன்றத்தில் சேர்ந்தவள் மட்டும் வெயில் இருக்கும்போதே வந்துவிடுவாள். வரிசையில் மேலேயே நிற்பாள். வாத்தியக் குழுவில் டிராம்போன் எடுத்தவள் நாலாவது இடத்துக்குப் போய்விடுவாள். பேஸ்பால் ஆடும் அண்ணன் மட்டும் விதிக்கு வெளியே. அவன் வாசலில் மண்ணோடு வந்து நின்றதும் வீட்டம்மா சமையலறையிலிருந்தபடியே, "எதையும் தொடாதே! நேரா குளிக்கப் போ!" என்று கத்துவார். அவன் போன பிறகு தொட்டி வரிசை முழுவதும் ஓர் இடம் சரியும்.

இப்படிச் சரிந்து சரிந்து, ஐப்பசி கார்த்திகை வாக்கில், ஒருநாள் அந்தக் குரல் அவள் பக்கமே திரும்பும். "இன்னுமா குளிக்கலை? தண்ணி ஆறுது, சீக்கிரம் போ!" அதில் தயவுசெய்து இல்லை, குனிதல் இல்லை, சைகையும் இல்லை. அவளும் செல்பேசியிலிருந்து கண் எடுக்காமல், "அண்ணன் போகட்டும், நான் அப்புறம்" என்கிறாள். வீட்டுப் பிள்ளைகள் இருவர் கடைசிக் குளியலுக்குப் போட்டி போடும் இந்த நிலையைத்தான் இவ்வாய்வு முழுச்சேர்க்கை என்று பெயரிட்டுக் கொள்கிறது. அந்த அதட்டலை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவார்கள் என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்.

தடை: கோடையில் பலர் தொட்டியை நிரப்பாமல் ஷவரோடு விட்டுவிடுகிறார்களே, அப்போது உம் அளவுகோல் என்னாகும் எனின், செயலிழக்கும் என்க. ஜூலை, ஆகஸ்டில் வந்திறங்கும் மாணவியின் நிலையைச் செப்டம்பர் வரை கணிக்க இயலாது. தேர்வுக்காலமும் அப்படியே. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு மன்றங்கள் நின்றுபோகும், எல்லாப் பிள்ளைகளும் நாலரைக்கே வீட்டில் இருப்பார்கள், குளிப்பது படிப்பைத் தள்ளிப்போடும் உத்தியாக மாறும். அந்த வாரத்து எண்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலா இன்னொரு தனி வகை. விடுதியின் பெருங்குளியலில் எந்த வகுப்புக்கு எத்தனை மணி என்று பயணக் கையேட்டிலேயே அச்சடித்திருக்கும். பெண்கள் தனி, ஆண்கள் தனி. ஆனால் நீச்சலுடை கிடையாது, ஒன்றும் கிடையாது. நெற்றி அளவுச் சிறு துண்டு ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதைக் கொண்டு எதை மறைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டு மாணவி வாசலில் நிற்கும்போது, வகுப்புத் தோழிகள் அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு நேற்று வந்த தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசியபடி உள்ளே போய்விடுவார்கள். வரிசையே இல்லாத குளியல் என்பதால் இது நம் ஆய்வுக்குப் புறம்பு.

மற்றொரு தடை: அவளைக் கடைசிக்குத் தள்ளியது அன்பாலா, நீண்ட முடியாலா? தோள்வரை தொங்கும் முடியைக் கட்டாமல் இறங்கி, வலைக்கு வேலை வைப்பவளை எந்தக் குடும்பமும் மெல்லப் பின்னுக்குத் தள்ளத்தான் செய்யும். உண்மை. ஆகவே எண் ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஒரே வாரத்தில் விழுந்தால் அதைச் சேர்க்கை என்று கொள்ளற்க. முடி கட்டும் வளையம் ஒன்று வாங்கிக் கொடுக்க.

இறுதியாக எஞ்சுவது ரோட்டரிச் சிக்கல். ஏ.எஃப்.எஸ். பிள்ளை பொதுவாக ஒரே வீட்டில் ஆண்டைக் கழிப்பாள். ரோட்டரிப் பிள்ளையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அடுத்த வீட்டுக்கு மாற்றுவார்கள். மூன்றாம் இடத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குள் நுழைந்ததும் மறுபடி விருந்தாளி, மறுபடி எண் ஒன்று. இப்போது அவளுக்கு விஷயம் தெரியும். வீட்டம்மா, "தயவுசெய்து நீங்கள் முதலில்" என்கிறார். "ஐயோ, நீங்கள் முதலில்" என்று அவள் குனிகிறாள். "இல்லையில்லை, நீங்கள்." "பாட்டி போகட்டும்." "பாட்டிக்குப் புதுத் தண்ணீர் ஆகாது." ஒருவர் இரண்டு பாகை குனிந்தால் மற்றவர் நான்கு பாகை குனிகிறார். தொட்டியில் தண்ணீரும் பாகை பாகையாக இறங்கிக்கொண்டிருக்கிறது. கடைசியில் யாரோ ஒருவர் எட்டி மறுசூடு பொத்தானை அழுத்துகிறார். அந்த மாதக் கேஸ் பில் வீட்டுக்காரருடையது.