மைண்ட்செட்டுக்கு முந்தைய காலம்

தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கம் மனை வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு ஆபீஸ் கிடையாது, டீக்கடை பெஞ்சுதான். விசிட்டிங் கார்டு கிடையாது. முக்கியமாக, மனநிலை கிடையாது. இருந்திருந்தாலும் அது வீட்டு வாடகை பாக்கியைப் பொறுத்துத்தான் ஏறி இறங்கியிருக்கும். இன்று அதே தொழில்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏசி ஹாலில், பஃபே சாப்பாட்டோடு, மைண்ட்செட் சொல்லித் தருகிறார்கள். நானும் பணம் கட்டிப் போயிருந்தேன். நரையைப் பார்த்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

நான் தொழில் பழகியது ஓர் அண்ணாச்சியிடம். ஒரு டிவிஎஸ் 50, ரெக்ஸின் பை, ரப்பர் பேண்ட் போட்ட நீள நோட்டு. இவ்வளவுதான் அவருடைய முதலீடு. நோட்டை யார் கையிலும் கொடுக்கமாட்டார். அவர் வெற்றிலை போட எழுந்துபோன நேரங்களில் நான் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறேன். மனையின் அளவும் விலையும் ஒரே வரியில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நாலு வரி, விற்கிறவர் வீட்டு விவகாரம். 'மூத்த பெண் கல்யாணம் தை.' 'தம்பி கையெழுத்து சந்தேகம்.' 'வீட்டம்மாவுக்கு விற்க மனசில்லை, அவர் இல்லாதபோது போகக்கூடாது.' விலையைப் பென்சிலில் எழுதுவார், காரணத்தைப் பேனாவில் எழுதுவார்.

தொழிலே அந்த நோட்டுதான். அப்போது வில்லங்கம் போடுவதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒருவர் தடித்தடியான அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டி முடிக்கிறவரை நடையாய் நடக்க வேண்டும். பட்டாவுக்கு விஏஓவைப் பிடிக்க வேண்டும். அவர் பெரும்பாலும் 'தாலுகா ஆபீஸ் போயிருப்பார்'. எந்த சர்வே நம்பரில் அண்ணன் தம்பி வழக்கு நடக்கிறது, எந்த லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தையும் மனை போட்டு விற்றிருக்கிறார்கள் என்பதெல்லாம் அண்ணாச்சிக்கு விரல்நுனியில் இருக்கும். இரண்டு பர்சென்ட் கமிஷன் அதற்குத்தான். கையெழுத்து நாளில் ஸ்வீட் பாக்ஸ் தனி.

அதற்காக அவரை அரிச்சந்திரன் ஆக்கிவிட வேண்டாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை ஓரத்து மனைகளைக் காட்ட அவர் வைத்திருந்த மாதம் மே. ஐப்பசி, கார்த்திகையில் யாராவது பார்க்கக் கேட்டால், 'மழையில எதுக்கு சார் அலையணும், உடம்புக்கு ஆகாது' என்று வாங்குகிறவரின் ஆரோக்கியத்தில் அக்கறை காட்டுவார். சதுப்பு நிலம் என்ற சொல்லை அந்த வட்டாரத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் அதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது. இப்போது வருகிறவர்கள் முதல் கேள்வியாகவே 'அப்போ தண்ணி எதுவரைக்கும் நின்னுது?' என்கிறார்கள்.

அவருடைய இன்னொரு வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மனை காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டார். பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஒரு வாரம் கழித்து அவரே ஆளின் வீட்டுக்குப் போய், 'அந்த மனை வேண்டாம் சார், பாதைத் தகராறு இருக்கு' என்பார். அடுத்து அவர் காட்டுகிற மனைக்கு அந்த ஆள் தாய்ப்பத்திரம்கூடக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பார். பாதைத் தகராறு ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

2016 வந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்றது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று அதுவரை நாங்கள் வாய்கூசாமல் விற்ற பாதிச் சரக்கு ஒரே நாளில் வயலாக மாறிவிட்டது. அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் நவம்பர் 8 இரவு, ஐநூறும் ஆயிரமும் போயிற்று. வழிகாட்டி மதிப்புக்கு மேலே உள்ளது எந்த நிறத்தில் கைமாறும் என்று எல்லோருக்கும் தெரியும்; ஆக, மீதிப் பாதித் தொழிலும் படுத்தது. மறுவருஷம் ரெரா. முகவர் என்றால் பதிவு செய்திருக்க வேண்டும், செய்யாமல் தொழில் பண்ணினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் அபராதம். 2018இல் பதிவுத்துறை எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றியது. இப்போது மனை பார்க்க வருகிற பையன் காரிலிருந்து இறங்கும்போதே போனில் வில்லங்கம், பட்டா, புலப்படம் எல்லாம் வைத்திருக்கிறான். 'அங்கிள், 2004ல ஒரு செட்டில்மென்ட் போட்டு ரத்து பண்ணிருக்காங்களே, ஏன்?' என்று நம்மைக் கேட்கிறான். அண்ணாச்சியின் நோட்டு முழுக்க அவன் சட்டைப் பையில் இருக்கிறது, பேனாவில் எழுதிய வரிகளைத் தவிர.

எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகுதான் இந்த வகுப்புகள் பெருகின. சொல்வதற்கு ரகசியம் இல்லாமல் போனதும், தொழிலில் மிஞ்சியது மனசு ஒன்றுதான். அதையும் யாராவது பிளாட் போட்டு விற்கத்தானே வேண்டும்.

பயிற்சியாளருக்கு முப்பது வயதிருக்கும். கோட்டு, கன்னத்தோடு ஒட்டிய மைக். 'இந்த வருஷம் கோடீஸ்வரர் ஆகப்போறது யாரு?' என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். முதல் வரிசையில் இருந்துகொண்டு தூக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நானும் தூக்கினேன். காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கச் சொன்னார். அண்ணாச்சி நாலுக்கே எழுவார். நிலத்துக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு கழனிக்குப் போய்விட்டால் பிறகு பிடிக்க முடியாது. வாங்கப்போகும் காரின் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி தினமும் பார்க்கச் சொன்னார். அண்ணாச்சி சுவரில் பார்த்தது தினசரி காலண்டர் ஒன்றைத்தான். ஆடி, மார்கழியில் வியாபாரம் ஆகாது என்று நினைப்பது வெறும் மனத்தடை என்றும் சொன்னார். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. ஆக, அந்த மனத்தடை அரசாங்கத்துக்கும் இருக்கிறது.

'நோ' சொன்னவரை ஏழு தடவையாவது திரும்பக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிடட்டும். என் எண்ணை எந்த ஏஜென்டோ எங்கேயோ கொடுத்துவிட்டதில், இரண்டு கிரவுண்டு விற்றுக்கொடுத்த எனக்கே வாரா வாரம் வில்லா வாங்கச் சொல்லி போன் வருகிறது. எதிர்முனையில் பேசும் பெண்ணின் குரலில் அவ்வளவு தன்னம்பிக்கை. மனை எந்த கிராமக் கணக்கில் வருகிறது என்று கேட்டால், 'சார், லைன்ல இருங்க' என்கிறாள்.

சட்டத்துக்குக் கடைசிப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் பஃபே திறந்துவிட்டதால் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

தயிர்சாதத் தட்டோடு நின்றிருந்தபோது பயிற்சியாளரே பக்கத்தில் வந்தார். மைக்கைக் கழற்றியிருந்தார். 'ஐயா, நீங்க பழைய ஆள்னு சொன்னாங்க. படப்பை பக்கம் எனக்கு ஒரு மனை வருது. ஓனர் ஃபாரின்ல. பவர் வாங்கினவர்தான் விக்கிறார். ரேட் நல்லா இருக்கு. வாங்கலாமா?'

'பவர் கொடுத்தவர் இருக்காரா தம்பி?'

'ஃபாரின்லதான் இருக்கார்னு சொல்றாங்க.'

'எங்க இருக்கார்னு கேக்கல. உசுரோட இருக்காரான்னு கேக்கறேன். அவர் போயிருந்தா பவரும் அவரோட போச்சு. உயிர்வாழ் சான்று கேளுங்க. பேப்பரை மட்டும் நம்பாதீங்க, அந்த ஊர்ல அவர் சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்க, போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க.'

அவர் முகம் கொஞ்சம் மாறியது. 'நீங்களே ஒருதடவை போய் விசாரிச்சுச் சொல்ல முடியுமா ஐயா? ஃபீஸ் எவ்வளவுன்னாலும் கொடுத்துடறேன்.'

வகுப்புக்கு நான் கட்டிய தொகையைச் சொன்னேன். கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்றார்.