லாரிக்குக் கிளட்ச் மாற்றுங்கால் நியாய விலை அறியும் முறை: அளவை நூல் வழி ஓர் ஆராய்ச்சி

சரக்கு லாரிக்குக் கிளட்ச் மாற்ற எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்னும் வினா, நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து டீக்கடைகளில் அன்றாடம் அலசப்பட்டாலும், அறிஞர்களின் கவனத்தை இன்னும் பெறவில்லை. பட்டறைக்காரர் கேட்கும் தொகை ஒன்றாகவும், உரிமையாளர் மனத்தில் வைத்திருக்கும் தொகை வேறொன்றாகவும், டிரைவர் கணக்கு நோட்டில் ஏறும் தொகை மூன்றாவதாகவும் இருப்பதே இதன் சிக்கல் ஆகும். ஆயினும் உண்மையை அறியும் கருவிகளாகிய அளவைகளை, தருக்க நூலாராகிய நையாயிகர் காட்சி, அனுமானம், உவமானம், ஆப்தமொழி என நான்காக முன்பே வகுத்து வைத்துவிட்டமையால், ஆராய்ச்சியாளர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆராயப்படும் பொருளை முதற்கண் வரையறுத்தல் மரபு. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பிளைவீலுக்கும், ஸ்பிரிங் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே, இருபுறமும் லைனிங் வைத்து ரிவெட் அடித்த வட்டத் தகடு ஒன்று இறுகிக் கிடக்கிறது; அதுவே கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து அந்தப் பிடியைத் தளர்த்த, இன்ஜினும் கியர் பாக்ஸும் பிரிகின்றன. முழுதும் பிடிபடாமலும் முழுதும் விடுபடாமலும் பிளேட் உராய்ந்துகொண்டிருக்கும் இடைநிலைக்கு ‘ஆஃப் கிளட்ச்’ என்று பெயர். பெடலைக் கால் வைத்துக்கொள்ளும் பலகையாகவே கருதும் டிரைவர்களின் வண்டியில் இந்நிலை நாள் முழுதும் நீடிப்பதுண்டு.

இனி அளவைகள். அனுமானத்துக்குத் தருக்க நூல்கள் வழிவழியாகக் காட்டிவரும் எடுத்துக்காட்டு, மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு என்பதாகும். சேலத்திலிருந்து தருமபுரி நோக்கிப் பாரத்தோடு தொப்பூர் ஏறும் லாரியையோ, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் திணறும் லாரியையோ பார்த்தவர்கள், அவ்வெடுத்துக்காட்டை வகுத்தோர் கிளட்சை மனத்திற்கொண்டே பேசினர் என்று துணியலாம். மலை இருக்கிறது, புகை இருக்கிறது, லைனிங் கருகும் வாடை கேபினை நிறைக்கிறது, நெருப்பு மட்டும் உரிமையாளரின் வயிற்றில் இருக்கிறது. ஆனால் புகை கண்டபின் செய்யும் அனுமானம் காலம் கடந்தது. சமதரையில், டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாதிருப்பதே முதல் அறிகுறி; வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மேல் கியரில் கிளட்சை விட்டுப் பார்த்தால் இன்ஜின் அணைந்துவிட வேண்டும்; அணையாமல் ஓடினால் பிளேட் ‘சிலிப்’ ஆவது உறுதி. இச்சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், பணம் தேவையில்லை. இதைச் செய்வோர் அரிதாக இருப்பதற்கு இவ்விலவசமே காரணமாகலாம்.

காட்சி அளவை என்பது, கியர் பாக்ஸை இறக்கிய பின் உள்ளிருப்பதைக் கண்ணால் பார்ப்பது. ரிவெட் தலை லைனிங் மட்டத்துக்கு வந்துவிட்டதா, பிளைவீல் முகத்தில் வரி விழுந்திருக்கிறதா, சூட்டால் நீலம் பாய்ந்திருக்கிறதா என்பனவற்றை ஒரு டார்ச் வெளிச்சத்தில் கண்டுவிடலாம். வரி விழுந்த பிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுக்காமல் புதுப் பிளேட்டை மாட்டுவது வீண். பிளேட் ஆயிலில் நனைந்திருந்தால் குற்றவாளி பிளேட் அன்று. கிராங்க் ஷாப்டின் பின்புற ஆயில் சீலோ, கியர் பாக்ஸின் முன்புற சீலோ ஆகும். உரிமையாளர் நாமக்கல்லிலும் வண்டி நாக்பூரிலும் இருக்கும்போது காட்சி அளவை வாட்ஸ்அப் படமாகச் சுருங்குவதும், படத்தில் தெரியும் தேய்ந்த பிளேட் அந்த வண்டியினுடையதுதானா என்னும் ஐயம் எழுவதும், நையாயிகர் எதிர்பாராதவை.

உவமானம், அதாவது பக்கத்து வண்டிக்கு ஆன செலவைக் கொண்டு தன் வண்டிக்குக் கணக்கிடுவது, மிகப் பரவலாக வழங்குவதும் மிகக் குறைவாக உதவுவதும் ஆகும். பிளேட்டின் விட்டம் 352, 380, 430 மில்லிமீட்டர் என வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், ஒன்றின் செலவு மற்றொன்றுக்கு அளவாகாது.

ஆப்தமொழி என்பது நம்பத்தக்கவர் வாக்கு. இங்கே அது மெக்கானிக்கின் வாக்கைக் குறிக்கும். அவர் நம்பத்தக்கவரா என்பது தனி ஆராய்ச்சி. “செட்டாவே மாத்திடுங்கண்ணா” என்று அவர் சொன்னவுடன், பிளேட் ஒன்று மட்டுமே தேய்ந்திருக்க, பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று உரிமையாளர் ஐயுறுவது இயல்பு. ஆனால் கிளட்ச் வேலையில் கூலி பெரும்பாலும் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே ஆகிறது. ஒரு பொருளை மாற்றினாலும் நான்கை மாற்றினாலும் அந்த உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. பேரிங் காசை மிச்சம் பிடித்து, அது கத்தத் தொடங்கியதும் இரண்டாம் முறை கியர் பாக்ஸை இறக்குபவர், அதே கூலியை மறுபடியும் அழுவதோடு, வண்டி நிற்கும் நாளின் வாடகையையும் இழக்கிறார். ஆகவே அதிகம் கேட்பவரெல்லாம் ஏமாற்றுபவர் என்பது போலி அனுமானம். தருக்க நூலார் இதற்கு ஏதுவாபாசம் என்று பெயரிடுவர்.

ஏமாற்று இருக்குமாயின் அது பில்லில் இருக்கும். டைரித் தாளைக் கிழித்து எழுதப்படும் இச்சுவடியில், கிரீஸ், வேஸ்ட் துணி, டீ செலவு, ‘இதர’ என்பனவற்றை இடைச்செருகல் எனத் தள்ளும் பதிப்பாசிரியர்கள், மூலத்திலேயே நிகழும் பெரிய பிழையைக் கவனிப்பதில்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளையும் உள்ளடக்கிய உச்ச விலை. அதன்மேல் தனியாக ஜிஎஸ்டி போடுவது பாடபேதம் அன்று, பாடப்பிழை. தவிரவும், 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 10,000 ரூபாய் பெறும் செட் அதற்கு முன் 12,800 ரூபாய் ஆனது, இப்போது 11,800 ரூபாய்தான் ஆக வேண்டும். எம்.ஆர்.பி.யில் ஸ்பேர்ஸ் கடைக்காரர் தள்ளிக் கொடுக்கும் பகுதி உரிமையாளருக்கு வருகிறதா, வழியில் தங்கிவிடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது இங்கும் பொருந்தும். சொந்த ஊரில், லோடு இறக்கிய ஞாயிற்றுக்கிழமையில் கேட்கப்படும் விலை வேறு. பாரத்தோடு நள்ளிரவில் மலைப் பாதையில் நிற்கும்போது கேட்கப்படும் விலை வேறு. பின்னதில் பேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே கிளட்ச் ‘சிலிப்’ ஆகத் தொடங்கிய பின்னும் இன்னும் ஒரு டிரிப் அடிக்கலாம் என்று முடிவு செய்தவர், நியாய விலை பற்றிப் பேசும் உரிமையை அப்போதே இழந்துவிடுகிறார் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கடைசியாக, கழற்றிய பிரஷர் பிளேட் கனமான இரும்பு. அது வண்டிக்காரரின் உடைமை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு விலை போகும். அதன் மதிப்பு பில்லில் கழிக்கப்படாமல், பட்டறை மூலையிலேயே தங்கிவிடுவது வழக்கமாக இருப்பதால், உரிமையாளர்கள் பணத்தைக் கொடுக்குமுன் அதைக் கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.